சோர்வுக்கு ஆங்கிலத்தில் எத்தனை சொல், எங்கே எது?

டயர்ட், ஸ்லீப்பி, எக்ஸாஸ்டட், வியரி, ஃபட்டீக், லெதார்ஜிக்... அகராதியைத் திறந்தால் இத்தனைக்கும் 'களைப்பு, சோர்வு' என்றுதான் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறது. இவற்றுக்குள் உண்மையிலேயே வித்தியாசம் உண்டா, இல்லை எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாமா என்பது கேள்வி.

வித்தியாசம் உண்டு. 'டயர்ட்' என்றால் கொஞ்சம் களைப்பு, 'எக்ஸாஸ்டட்' என்றால் ரொம்பக் களைப்பு என்று அளவை வைத்து மட்டும் பிரித்தால் பாதிதான் பிடிபடும். மற்ற பல சொற்களில் மாறுவது அளவு இல்லை, சோர்வின் வகை. வகையைக் கண்டுபிடிக்க எனக்கு மிகவும் உதவுகிற கேள்வி, 'இது எதனால் தீரும்?' என்பதுதான். தூங்கி எழுந்தால் தீருமா, கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் தீருமா, செய்துகொண்டிருப்பதை விட்டொழித்தால்தான் தீருமா, டாக்டரிடம் போக வேண்டுமா? இதற்கான பதில் மாறும்போது ஆங்கிலச் சொல்லும் மாறிவிடும்.

முதலில் டயர்ட், ஸ்லீப்பி இரண்டையும் பார்த்துவிடலாம். அதிகம் குழப்புவது இந்த இரண்டுதான். மத்தியான வெயிலில் பழனி மலைப் படிகளில் ஏறி முடித்தவர் டயர்ட். அவருக்குக் கால் வலிக்கும், மூச்சு வாங்கும், ஆனால் படுக்கையை விரித்துக் கொடுத்தால் தூங்க மாட்டார். நிழலில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தால் போதும். அதே மத்தியானம் கல்யாண வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்திருப்பவர் ஸ்லீப்பி. அவர் எந்த வேலையும் செய்யவில்லை, கண்தான் சொக்குகிறது. நம் பழமொழி இதையும் 'உண்ட களைப்பு தொண்டருக்கும் உண்டு' என்று களைப்புக் கணக்கில்தான் சேர்க்கிறது. ஆங்கிலத்தில் அந்த நிலைக்கு ஸ்லீப்பிதான் சரியான சொல்.

இதில் ஒரு சின்ன சிக்கல். 'டயர்ட்' கொஞ்சம் பெரிய குடை, தூக்கமும் அதற்குள் அடங்கும். 'ஐ ஆம் டயர்ட், ஐ ஆம் கோயிங் டு பெட்' என்று இரவு பத்து மணிக்கு ஒருவர் சொன்னால் அவருக்குத் தூக்கம் வருகிறது என்றுதான் அர்த்தம். சிணுங்குகிற குழந்தையைப் பார்த்து ஆங்கில அம்மாக்கள் 'ஷி ஈஸ் டயர்ட்' என்று சொல்வதும் அப்படித்தான். ஆனால் திருப்பிப் போட முடியாது. மூட்டை தூக்கிக் களைத்தவரை 'ஸ்லீப்பி' என்று சொல்ல வழியில்லை. சந்தேகம் வந்தால் 'டயர்ட்' போட்டுவிடுங்கள், பெரும்பாலும் தப்பாகாது.

'எனக்குத் தூக்கம் வருது' என்பதை அப்படியே எடுத்துக்கொண்டுபோய் 'ஸ்லீப் ஈஸ் கமிங்' என்று சொல்கிறவர்கள் நம்மிடம் நிறைய. ஆங்கிலத்தில் தூக்கம் வராது. நாம்தான் ஸ்லீப்பியாக இருக்க வேண்டும். 'அஸ்லீப்' என்று சொல்லிவிட்டால் ஆள் ஏற்கெனவே தூங்கியாயிற்று. 'ஐ ஆம் அஸ்லீப்' என்று யாரும் நேரில் சொல்ல முடியாது, வேடிக்கைக்குத் தவிர.

மருத்துவர்களுக்கு இந்தப் பிரிவு ரொம்ப முக்கியம். 1991இல் மெல்போர்னில் மர்ரி ஜான்ஸ் என்ற மருத்துவர் பகல் தூக்கத்தை அளக்க ஒரு கேள்வித்தாள் தயாரித்தார். எப்வர்த் ஸ்லீப்பினஸ் ஸ்கேல் என்று பெயர். இன்றும் தூக்கச் சிகிச்சை மையங்களில் கொடுக்கிறார்கள். அதில் 'சோர்வாக இருக்கிறீர்களா' என்ற கேள்வியே கிடையாது. உட்கார்ந்து படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, ஒரு மணி நேரம் காரில் பயணியாகப் போகும்போது, போக்குவரத்து நெரிசலில் வண்டி சில நிமிடம் நிற்கும்போது என்று 8 சூழ்நிலைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் கண்ணயர எவ்வளவு வாய்ப்பு என்று 0 முதல் 3 வரை மதிப்பெண் போட வேண்டும். மொத்தம் 24, பத்துக்கு மேல் போனால் கவனிக்க வேண்டிய விஷயம். குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறவர்களுக்கு இந்த எண் எகிறலாம். ரத்தசோகை உள்ளவரோ நாள் முழுக்கத் துவண்டு கிடந்தாலும் டிவி முன்னால் தூங்கி விழாமல் இருக்கலாம். முதலாமவர் ஸ்லீப்பி, இரண்டாமவருக்கு இருப்பது ஃபட்டீக். டாக்டர் 'ஆர் யூ ஸ்லீப்பி ஆர் டயர்ட்?' என்று கேட்டால் சும்மா பேச்சுக்குக் கேட்கிறார் என்று நினைத்து இரண்டுக்கும் தலையாட்டிவிடாதீர்கள். உங்கள் பதிலை வைத்துத்தான் அவர் அடுத்து எந்தப் பக்கம் தேடுவது என்று முடிவு செய்வார். உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது, ஆனால் படுத்தால் தூக்கம் மட்டும் வரவில்லை என்றால் அதற்கும் பேச்சுவழக்கில் ஒன்று வைத்திருக்கிறார்கள்: 'டயர்ட் பட் வயர்ட்'.

'டிரவுசி' ஸ்லீப்பிக்கு அண்ணன். தூக்கம் வருகிற மாதிரி இருப்பது ஸ்லீப்பி. தூக்கத்துக்குள் பாதி இறங்கிவிட்டது டிரவுசி. பெரும்பாலும் மருந்து, அறையின் புழுக்கம், காய்ச்சல் என்று ஏதோ ஒன்று நம்மை அமுக்கியிருக்கும். சளி மாத்திரை அட்டையில் 'மே காஸ் டிரவுசினஸ்' என்று போட்டிருப்பது இதனால்தான். பிரிட்டனில் மருந்துக் கடைகள் ஒட்டும் எச்சரிக்கைச் சீட்டிலும் நெடுங்காலம் இதே வாசகம்தான் இருந்தது. சாதாரண ஆட்களுக்கு எளிதில் புரிய வேண்டும் என்று 2011இல் அதை மாற்றி, 'திஸ் மெடிசின் மே மேக் யூ ஸ்லீப்பி' என்று எழுத ஆரம்பித்தார்கள். ஆக டிரவுசி கொஞ்சம் காகிதச் சொல் என்று ஆங்கிலேயர்களே ஒப்புக்கொண்ட மாதிரிதான். மருந்துச் சீட்டைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். பேசும்போது ஸ்லீப்பி போதும்.

தூங்கி எழுந்த பிறகும் தலை தெளியாமல் இருக்கிறதே, அது 'கிராகி'. நம் 'தூக்கக் கலக்கம்' இதோடு அச்சாகப் பொருந்தும். மயக்க மருந்து கொடுத்து அறுவை சிகிச்சை செய்தவர் கண் விழிக்கும்போது கிராகியாக இருப்பார். இந்தச் சொல் சாராயத்திலிருந்து வந்தது. எட்வர்ட் வெர்னான் என்ற பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி 1740இல் மாலுமிகளுக்கு நேரடியாக ரம் கொடுக்காமல் தண்ணீர் கலந்து கொடுக்க உத்தரவிட்டார். அவர் எப்போதும் 'கிராக்ரம்' என்ற முரட்டுத் துணியில் மேலங்கி போட்டிருந்ததால் அவருக்கு 'ஓல்ட் கிராக்' என்று பட்டப்பெயர். தண்ணீர் கலந்த ரம்முக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. அதைக் குடித்துத் தள்ளாடியவர்கள் கிராகி ஆனார்கள். இன்றைக்குச் சாராய வாசனை போய்விட்டது, தள்ளாட்டம் மட்டும் பொருளில் மிச்சம்.

அடுத்து எக்ஸாஸ்டட். இதன் வினைச்சொல்லுக்கு 'முழுவதும் தீர்ப்பது, காலி செய்வது' என்று பொருள். பணம் தீர்ந்துபோனாலும், கையிருப்பு தீர்ந்துபோனாலும் இதே வினைதான். வண்டியின் புகை வெளியேறும் குழாய்க்கு எக்ஸாஸ்ட் என்று பெயர் வந்ததும் உள்ளே இருப்பதை வெளியேற்றுவதால்தான். எனவே எக்ஸாஸ்டட் என்றால் உடம்பில் எதுவும் மிச்சமில்லை என்று அர்த்தம். அடிமட்டத்தைத் தொட்டாகிவிட்ட சொல்லுக்கு முன்னால் 'வெரி' போட்டால் இடிக்கும். 'வெரி டயர்ட்' சரி. 'வெரி எக்ஸாஸ்டட்' என்று கேட்டால் ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்களுக்குக் காது கூசும். 'அப்சலூட்லி எக்ஸாஸ்டட்', 'கம்ப்ளீட்லி எக்ஸாஸ்டட்' என்பார்கள். ஐஇஎல்டிஎஸ் போன்ற ஆங்கிலத் தேர்வு எழுதப்போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

எக்ஸாஸ்டட் குடும்பத்தில் இன்னும் இரண்டு பேர். 'எக்ஸாஸ்டிங்' என்றால் நம்மைப் பிழிந்தெடுக்கிற வேலை. 'எக்ஸாஸ்டிவ்' என்றால் எதையும் விடாமல் முழுமையாகச் செய்யப்பட்டது. உங்கள் அறிக்கையை மேலாளர் எக்ஸாஸ்டிவ் என்று சொன்னால் சந்தோஷப்படுங்கள். எக்ஸாஸ்டிங் என்று சொன்னால் நீளத்தைக் குறைக்கச் சொல்கிறார். 'டயர்ட்' பக்கமும் இதே கூத்துதான். 'ஐ ஆம் டயரிங்' என்றால் நான் பிறரைக் களைப்பாக்குகிற ஆள் என்று நாமே ஒப்புக்கொள்வதாகவும் எடுத்துக்கொள்ளப்படலாம். 'டயர்சம்' என்றால் எரிச்சலூட்டுகிற, அறுக்கிற என்று பொருள். அதற்கும் உடல் களைப்புக்கும் இப்போது சம்பந்தம் இல்லை. 'டயர்லெஸ்' மட்டும் பாராட்டு, அயராமல் உழைப்பவர்.

நம் ஊர்க் கோடைக்கு மிகவும் தேவையான ஓர் இணையும் இங்கே இருக்கிறது: ஹீட் எக்ஸாஸ்ச்சன், ஹீட் ஸ்ட்ரோக். செய்தித்தாளில் இரண்டும் 'வெயில் பாதிப்பு' என்று ஒன்றாகக் கலந்துவிடுகிறது. ஹீட் எக்ஸாஸ்ச்சனில் வியர்த்துக் கொட்டி, உடம்பின் நீரும் உப்பும் இறங்கிப்போய், தலைசுற்றலும் குமட்டலும் வரும். தீர்ந்துபோவது என்ற மூலப் பொருள் அப்படியே பொருந்துகிறது. நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பைக் குளிர்வித்து, நீரும் உப்பும் உள்ளே போனால் பெரும்பாலானவர்கள் தேறிவிடுவார்கள். ஹீட் ஸ்ட்ரோக்கில் உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸையும் தாண்டி, பேச்சு குழறும், புத்தி தடுமாறும், நினைவு தப்பலாம். அது உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டிய நிலை. முதலாவதைக் கவனிக்காமல் விட்டால் இரண்டாவதில் போய் முடியலாம்.

எக்ஸாஸ்டட் என்பதற்கே கொச்சைப் பேச்சில் ஒரு கூட்டம் உண்டு: நேக்கர்ட், ஷாட்டர்ட், பீட், புஷ்ட், வைப்ட் அவுட். இதில் நேக்கர்ட் பிரிட்டிஷ்காரர்களுடையது. முன்னால் எழுதுகிற கே என்ற எழுத்துக்கு ஒலி கிடையாது. வேலைக்கு ஆகாமல்போன குதிரைகளை வாங்கி அடித்துத் தோலும் எலும்பும் விற்றவருக்கு அங்கே நேக்கர் என்று பெயர். நண்பர்களிடம் தாராளமாகச் சொல்லலாம், மேலதிகாரிக்கு எழுதும் மின்னஞ்சலில் வேண்டாம். அமெரிக்கர்கள் அதைச் சொல்வது அரிது, அவர்களுக்கு 'ஐ ஆம் பீட்'. இங்கே 'பீட்டன்' என்று இலக்கணம் திருத்தினால் அடி வாங்கியதாகிவிடும். மீதியைக் கேட்டால் புரிந்துகொண்டால் போதும்.

'வியரி' எனக்குப் பிடித்த சொல். அளவை மட்டும் பார்க்கிறவர்கள் இதைக் கோட்டைவிட்டுவிடுவார்கள். டயர்ட், எக்ஸாஸ்டட் இரண்டும் இன்றைய உழைப்பின் கணக்கு. வியரி என்பது நீண்ட நாள் கணக்கு. படுக்கையில் விழுந்துவிட்ட மாமியாரை வருஷக்கணக்காகப் பார்த்துக்கொள்கிற மருமகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் ராத்திரி நாத்தனார் வந்து இருந்ததால் அவள் எட்டு மணி நேரம் நன்றாகத் தூங்கி எழுந்திருக்கலாம். அன்று காலையில் அவள் டயர்ட் இல்லை, ஸ்லீப்பி இல்லை. ஆனால் வியரி. தூக்கம் அதைத் தொடாது, ஏனென்றால் நாளைக்கும் அதே வேலை காத்திருக்கிறது என்பதுதான் அந்தச் சோர்வு. ஓய்ந்துபோனாள் என்று நாம் சொல்வது இதற்கு நெருக்கமாக வரும். நீண்ட போருக்குப் பிறகு 'வார்-வியரி' மக்கள் என்று எழுதுவார்கள், உலகத்தையே பார்த்துச் சலித்தவருக்கு 'வேர்ல்ட்-வியரி'. அன்றாடப் பேச்சில் கொஞ்சம் கனமாக ஒலிக்கும். ஜிம்முக்குப் போய்விட்டு வந்து 'ஐ ஆம் வியரி' என்றால் கவிதை சொல்கிற மாதிரி இருக்கும்.

வியரியோடு 'வேரி' என்ற சொல்லைக் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களும்தான். வேரி என்றால் ஜாக்கிரதையாக, சந்தேகத்தோடு இருப்பது. 'பி வேரி ஆஃப் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' என்றால் முன்பின் தெரியாதவர்களிடம் கவனமாக இரு. எழுத்து மாறி 'வியரி' என்று எழுதிவிட்டால் அவர்களைப் பார்த்து அலுத்துப்போ என்று அறிவுரை சொன்னதாகும்.

அலுப்பு என்றதும் முன்னிடைச்சொல் (ப்ரெபோசிஷன்) விவகாரத்துக்கு வந்துவிட வேண்டும், இதில்தான் அலுவலகத்தில் வம்பு வருகிறது. 'டயர்ட் ஃப்ரம் வாக்கிங்' என்றால் நடந்து நடந்து கால் ஓய்ந்துவிட்டது. 'டயர்ட் ஆஃப் வாக்கிங்' என்றால் இனிமேல் நடக்க முடியாது, ஒரு ஸ்கூட்டர் வாங்கப்போகிறேன். தமிழில் களைத்தேன், சலித்தேன் என்று இரண்டு வேறு வினைகள் பார்த்துக்கொள்கிற வேலையை ஆங்கிலம் ஒரு துக்கடாச் சொல்லிடம் விட்டிருக்கிறது. மூன்று வாரம் இரவு பகலாக வேலை பார்த்தவர், லீவு கேட்டு எழுதும்போது 'ஐ ஆம் டயர்ட் ஆஃப் திஸ் ப்ராஜெக்ட்' என்று போட்டால், ஆள் வேறு வேலை தேடுகிறார் என்று மேலாளர் முடிவுகட்டிவிடுவார். 'ஐ ஆம் டயர்ட் ஆஃப்டர் த லாஸ்ட் த்ரீ வீக்ஸ்' என்றால் லீவு கிடைக்க வாய்ப்பு அதிகம். 'ஆஃப்' வகையறாவின் உச்சம் 'சிக் அண்ட் டயர்ட் ஆஃப்'. அதைச் சொல்கிறவருக்கு நோயும் இல்லை, களைப்பும் இல்லை, கோபம்தான்.

ஒன்றை அளவுக்கு மேல் அனுபவித்துச் சுவை மரத்துப்போனால் 'ஜேடட்'. ஊரெல்லாம் ஓட்டல் சாப்பாடு சாப்பிட்டு எழுதுகிறவரின் நாக்கு ஒருநாள் ஜேடட் ஆகும். இதுவும் குதிரையிடமிருந்து வந்ததுதான், கிழட்டுக் குதிரைக்கு ஜேட் என்று பெயர் இருந்தது. பச்சைக் கல்லுக்கும் இதற்கும் உறவில்லை. சோர்வு என்றாலே ஆங்கிலேயர்களுக்குக் குதிரை ஞாபகம் வந்திருக்கிறது. நாம் மாட்டைச் சொல்கிறோம்.

ஃபட்டீக் என்பது பெரும்பாலும் பெயர்ச்சொல்லாகத்தான் வரும், கூடவே ஒரு மருத்துவ வாடையும் வரும். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிக்கொண்டே 'ஐ ஹேவ் ஃபட்டீக்' என்று யாரும் சொல்வதில்லை. இந்தச் சொல்லின் உயிர், திரும்பத் திரும்ப விழுகிற சுமையில் இருக்கிறது. பொறியாளர்கள் சொல்லும் மெட்டல் ஃபட்டீக்கைப் பார்த்தால் விளங்கும். உலகின் முதல் ஜெட் பயணி விமானமான காமெட் 1952இல் சேவைக்கு வந்தது. 1954இல் ஜனவரியில் ஒன்றும் ஏப்ரலில் ஒன்றுமாக இரண்டு காமெட்டுகள் இத்தாலியை ஒட்டிய கடலுக்கு மேலே பறக்கும்போதே உடைந்து விழுந்தன. இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் முழு விமான உடலையும் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, பறக்கும்போது ஏறி இறங்கும் காற்றழுத்தத்தைப் போலவே மறுபடி மறுபடி அழுத்தம் கொடுத்துச் சோதித்தார்கள். எந்த ஒரு முறை கொடுத்த அழுத்தமும் தாங்க முடியாததாக இல்லை. ஆயிரக்கணக்கான தடவை ஏறி இறங்கியதில் உலோகத்தில் விரிசல் விட்டிருந்தது.

மனிதர்களுக்கும் அதே பொருள்தான். தீவிர சிகிச்சைப் பிரிவில் நாள் முழுக்க இயந்திரங்கள் கூவிக்கொண்டே இருந்தால் செவிலியருக்கு உண்மையான ஆபத்து ஒலிகூடக் காதில் உறைக்காமல் போகலாம், அதற்கு 'அலார்ம் ஃபட்டீக்'. அடுத்தவர் துயரத்தைத் தினமும் பார்த்துப் பார்த்து இரக்கம் வற்றிப்போவது 'கம்பேஷன் ஃபட்டீக்'.

ஆனால் இந்தச் சொல்லால் காயம்பட்டவர்களும் இருக்கிறார்கள். க்ரானிக் ஃபட்டீக் சிண்ட்ரோம் என்று ஒரு நோய். அது வந்தவர்கள் ஒருநாள் கொஞ்சம் கூடுதலாக நடந்தாலோ மூளைக்கு வேலை கொடுத்தாலோ, அடுத்தடுத்த நாட்களில் படுத்த படுக்கையாகிவிடலாம். தூங்கினாலும் தெளிவு வராது. பெயரில் ஃபட்டீக் இருப்பதால், 'எனக்கும்தான் டயர்டா இருக்கு' என்று கேட்கிறவர்கள் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் 2015இல் ஓர் அறிக்கை வெளியிட்டு, இந்தப் பெயர் நோயின் கடுமையைக் குறைத்துக் காட்டுகிறது, வேறு பெயர் வைக்கலாம் என்று பரிந்துரைத்தது. உழைப்பைத் தாங்க முடியாமல் உடம்பு முழுவதையும் பாதிக்கும் நோய் என்று பொருள்படும் நீளமான பெயர் ஒன்றைச் சொன்னார்கள். பெரிதாக ஒட்டவில்லை.

'பர்ன்அவுட்' இப்போது எல்லார் வாயிலும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வேலை பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை 'பர்ன்அவுட் ஆயிட்டேன்' என்கிறார்கள். அது டயர்ட், மிஞ்சிப்போனால் எக்ஸாஸ்டட். ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர், நியூயார்க்கில் இலவச மருத்துவ மையத்தில் தன்னோடு தொண்டு செய்தவர்கள் கருகிப்போவதைப் பார்த்து 1974இல் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். பிறகு கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற இன்னொரு உளவியலாளர் இதை அளக்கும் கேள்வித்தாளை உருவாக்கினார். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில் பர்ன்அவுட் இருக்கிறது, ஆனால் நோயாக இல்லை, வேலை சம்பந்தமான ஒரு நிகழ்வாக. அதற்கு மூன்று அடையாளம் சொல்கிறார்கள்: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகி அதன்மேல் கசப்பு வருவது, வேலைத் திறன் குறைவது. சோர்வு அதில் மூன்றில் ஒரு பங்குதான். ராத்திரி இரண்டு மணி வரை ஆபரேஷன் செய்துவிட்டு வந்து, அந்தக் கேஸைப் பற்றிக் கண்கள் மின்னப் பேசுகிற டாக்டர் எக்ஸாஸ்டட். நோயாளியை 'நாலாம் நம்பர் பெட்' என்று மட்டும் பார்க்கத் தொடங்கி, வந்தால் என்ன போனால் என்ன என்று ஆகிவிட்டவர் பர்ன்அவுட். முதலாமவருக்கு இரண்டு நாள் லீவு போதும். இரண்டாமவர் லீவு முடிந்து அதே இடத்துக்குத் திரும்பினால் கசப்பும் திரும்ப வந்துவிடும்.

இனி, தமிழ்நாட்டு ஆங்கிலத்துக்கே உரிய சில சங்கடங்கள். வெளிநாட்டில் டாக்டரைப் பார்க்கப் போகிற பெற்றோருக்கு இவற்றைச் சொல்லிக்கொடுத்து அனுப்பலாம்.

'வீக்னஸ்': நம் ஊரில் 'ரொம்ப வீக்கா இருக்கு டாக்டர்' என்றால் பொதுவான அசதி என்று அவருக்குத் தெரியும். லண்டனில் 'ஐ ஹேவ் வீக்னஸ்' என்றால், எந்தக் கையில், எந்தக் காலில் என்று கேட்பார்கள், டாக்டர் தன் கையை அழுத்தித் தள்ளச் சொல்வார். மருத்துவ ஆங்கிலத்தில் வீக்னஸ் என்பது தசையின் வலு குறைவது. அதற்கு 0 முதல் 5 வரை மதிப்பெண்கூட உண்டு. ஒரு பக்கம் வீக்னஸ் என்றால் பக்கவாதமோ என்று பதறுவார்கள். பொதுவான அசதிக்கு 'ஐ ஃபீல் டயர்ட் ஆல் த டைம்' என்பது பத்திரமான வாக்கியம்.

'மயக்கம்' இன்னும் ஆபத்தான சொல், ஏனென்றால் தமிழிலேயே அதற்கு மூன்று முகம். தலை சுற்றினால் 'டிஸ்ஸி'. விழுந்துவிடுவோம் போல் கண் இருட்டினால் 'ஃபெயிண்ட்'. நினைவு தப்பி விழுந்தே விட்டால் 'ஐ ஃபெயிண்டட்' அல்லது 'ஐ பாஸ்ட் அவுட்'. நாம் மூன்றுக்கும் 'கிடினஸ்' என்று ஒன்றை வைத்திருக்கிறோம். 'கிடி' என்ற சொல்லுக்கு இப்போது பல இடங்களில் சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் இருப்பது என்ற பொருளும் முன்னால் வந்து நிற்கும். டிஸ்ஸி என்று சொல்லிவிட்டு, நினைவு தப்பியதா இல்லையா என்பதைத் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

'லெதார்ஜிக்' என்ற சொல்லைப் பெரியவர்களுக்குச் சும்மா சொல்லலாம்; ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்குப் பிறகு எல்லாருமே லெதார்ஜிக்தான். குழந்தை விஷயத்தில் அப்படிச் சொல்லாதீர்கள். கூப்பிட்டால் திரும்பாமல், சுற்றி நடப்பதைக் கவனிக்காமல், துவண்டு மந்தமாகக் கிடக்கிற நோயுற்ற குழந்தையைத்தான் மருத்துவர்கள் லெதார்ஜிக் என்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் குழந்தை நோய் வழிகாட்டியில் அது அவசர அபாய அறிகுறிகளில் ஒன்று. தொலைபேசியில் அந்தச் சொல்லைக் கேட்டதும் உடனே கொண்டு வாருங்கள் என்பார்கள். காய்ச்சலில் கொஞ்சம் சோர்ந்திருக்கிறது, ஆனால் சிரிக்கிறது, பால் குடிக்கிறது என்றால் 'டயர்ட்' போதும். உண்மையிலேயே துவண்டு கிடந்தால் தயங்காமல் லெதார்ஜிக் என்றே சொல்லுங்கள்.

காய்ச்சல் வருவதற்கு முன்னால் 'உடம்பு ஒரு மாதிரி இருக்கு' என்கிறோமே, அதற்கு மருத்துவச் சொல் 'மலேஸ்'. பேச்சில் 'ஐ டோன்ட் ஃபீல் வெல்' என்றால் யாருக்கும் புரியும்.

பார்வைக்கு ஏமாற்றுகிற மூன்று சொற்களையும் சொல்லிவிடுகிறேன். 'ரெஸ்ட்லெஸ்' என்றால் ஓய்வில்லாமல் உழைப்பவர் என்று நம்மவர்கள் எழுதுகிறார்கள். உண்மையில் அது இருப்புக்கொள்ளாமல் தவிப்பது. 'எனர்வேட்டட்' என்பதை எனர்ஜியோடு சேர்த்துக்கொண்டு உற்சாகம் என்று நினைப்பவர்கள் உண்டு, அதற்குச் சக்தியெல்லாம் உறிஞ்சப்பட்டது என்று நேர் எதிர்ப் பொருள். 'லிஸ்ட்லெஸ்' என்பதில் வருவது மளிகை லிஸ்ட் இல்லை, ஆசை என்று பொருள்பட்ட ஒரு பழைய சொல். எதிலும் நாட்டமில்லாமல், கொடுத்தால் சாப்பிட்டு, விட்டால் ஜன்னலைப் பார்த்தபடி இருப்பவர் லிஸ்ட்லெஸ். லேஸி வேறு. லேஸி என்பது குணத்தைக் குறை சொல்வது, லிஸ்ட்லெஸ் என்பது கவலைப்பட வேண்டிய நிலை.

கடைசியாக 'டல்'. 'என்னப்பா, இன்னிக்கு டல்லா இருக்கே' என்று நாம் அக்கறையோடு கேட்பதை அப்படியே 'யூ லுக் டல்' என்று ஓர் ஆங்கிலேயரிடம் சொன்னால், நீ சுவாரஸ்யமில்லாத ஆள், மந்தபுத்தி என்கிற அளவுக்கு அவர் எடுத்துக்கொள்ளலாம். சரி, 'யூ லுக் டயர்ட்' என்று மாற்றிச் சொன்னால்? அதுவும் அரை மனதோடுதான் ஏற்கப்படும். 'இளைச்சுப் போயிட்டியே' என்பது நம் வீட்டில் பாசம். அங்கே ஒருவரின் முகத்தைப் பார்த்துக் களைப்பைச் சுட்டிக்காட்டினால், பார்க்க நன்றாக இல்லை என்று சொன்ன மாதிரி. நெருங்கியவர்களிடம் பரவாயில்லை. அலுவலகத்தில் என்றால் 'லாங் டே?' என்று கேட்பார்கள். குறையை நாள்மேல் போட்டுவிட்டால் முகத்தைப் பற்றிப் பேச்சே வராது.